வெயிலைப் பார்த்துப் பத்திரிகை வைத்தவன்

இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என் மனைவி கோமதி சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

மகள் ஹரிணிக்கு வைகாசியில் கல்யாணம். சித்திரை பிறந்ததும் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதற்குப் பெயர் பத்திரிகை இல்லை, வதந்தி. புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து வீடு வீடாகப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு வைத்து இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அதன்பிறகு அந்த வீட்டார் கொடுப்பதை நாம் சாப்பிட வேண்டும். கிளம்பும்போது அவர்கள் காரில் ஏற்றுவதை ஏற்றவிட வேண்டும். வேண்டாம் என்ற சொல்லுக்கு இதில் எங்கேயும் இடமில்லை.

வரிசையும் உண்டு. முதலில் குலதெய்வம். அடுத்தது பெண்ணின் தாய்மாமன். மற்ற ஊர் உலகமெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஹரிணியின் தாய்மாமன், அதாவது கோமதியின் அண்ணன் நாச்சிமுத்து மச்சான், மேட்டுப்பாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறார். பாக்கும் வாழையும் வைத்திருக்கிறார். அவர் தோட்டத்து வேலி முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கிறது.

நான் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். முப்பது வருசமாக மோட்டார்களை ஓடவிட்டுச் சூட்டை எழுதிவைக்கும் வேலை. ஆகவே பத்திரிகைக்கும் ஓர் அட்டவணை போட்டேன். எந்த ஊர் அதிகம் காய்கிறதோ அந்த ஊர் முதலில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே. மலையடிவாரம் கடைசியில், பரிசு மாதிரி.

கோமதி அட்டவணையைப் பார்த்தாள். "எங்கண்ணன் பேரு எங்கீங்க?"

"கடைசி வரியில இருக்குது பாரு அம்மணி."

"தாய்மாமனக் கடைசியில போட்ட மொத ஆளு நீங்கதானுங்க."

"வெயிலப் பாத்துப் போட்டிருக்கறன். யாருக்குத் தெரியப்போகுது?"

உறவுக்காரர்களுக்குள் செய்தி எந்த வேகத்தில் போகும் என்று அளக்க எங்கள் கம்பெனியில் கருவி இல்லை. இருந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குலதெய்வத்துக்கு வைத்தோம். அன்றைக்கே கோமதி அண்ணனுக்குப் போன் செய்து, "பத்திரிகை வந்துருச்சுங்கண்ணா, ஒரு நாளுல வந்தர்றோம்" என்று சொல்லிவிட்டாள். எந்த நாள் என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன விடுபடல் என்ன செய்தது என்று பின்னால் வரும்.

சனிக்கிழமை தாராபுரம். பல்லடம் தாண்டியதும் காரின் ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. வழியில் ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்து, "கேஸ் போயிருச்சுங்க" என்றார். "இப்ப அடைக்க முடியுங்களா?" என்றேன். "திங்கக்கெழமை வாங்க" என்று பானெட்டை மூடினார். அவர் சட்டையே போடவில்லை. அந்த வெயிலில் அவர் ஒருவர்தான் சரியான உடையில் இருந்தார்.

கண்ணாடியை இறக்கினால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி காற்று. ஏற்றினால் நாமே இட்லி. கோமதி இரண்டு ஈரத்துண்டுகளைக் கண்ணாடியில் செருகித் தொங்கவிட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பாட்டில் தண்ணீரை அதில் தெளித்தாள். காற்று அதன் வழியாக வந்தபோது நிஜமாகவே சில்லென்று இருந்தது. முப்பது வருசம் பம்ப் கம்பெனியில் இருக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

தாராபுரத்தில் என் அப்பாவின் தங்கை ருக்குமணி அத்தை. அறுபத்தைந்து வயதிலும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். கட்டைவிரல் அளவு சின்ன வெங்காயம் மிதக்கும் மோரை ஒரு செம்பு நிறையக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் மறுபடி ஊற்றினார். அப்புறம் நுங்கு. அப்புறம் கம்மஞ்சோறு, அதற்கும் மோர். அமராவதியில் மணல்தான் ஓடுகிறது என்று வருத்தப்பட்டுக்கொண்டே அந்த ஆற்றின் பங்கையும் சேர்த்து எனக்குள் ஊற்றினார்.

பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். பிறகு கேட்டார்:

"மேட்டுப்பாளையத்துக்கு வெச்சாச்சல்ல கண்ணு?"

கோமதி என்னைப் பார்த்தாள். நான் நுங்கைப் பார்த்தேன்.

"ஆச்சுங்கத்தை" என்றேன்.

"அப்படீன்னா செரி. தாய்மாமனுக்கு முன்னால நாம வாங்குனா நல்லாருக்காது பாரு."

கிளம்பும்போது அத்தை வீட்டுச் செவ்விளநீர் நாற்பது காய் டிக்கியில் ஏறியது. அந்த ஒற்றை மரம் எங்கள் சொந்தத்தில் பேர்போனது. அதன் சிவப்பும் உருட்டும் வேறு மரத்துக்கு வராது. யார் வீட்டுக் காய் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் பக்கம். எட்டு வீடுகள். எட்டு வீட்டிலும் மோர், இளநீர், பானகம், பச்சைப்புளி ரசம் ஊற்றின சோறு. கடைசி வீட்டில் கை கழுவத் தண்ணீர் கொடுத்ததையும் பழக்கத்தில் குடித்துவிட்டேன்.

திரும்பும் வழியில் ரேடியேட்டர் கொதித்துப் புகைவிட்டது. சுற்றிலும் மேய்ச்சல் காடு. காய்ந்து வெள்ளையாகிப்போன கொழுக்கட்டைப் புல், கிளுவை வேலி, நடுவில் ஒரு வேலமரம். அந்த நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் தன் தூக்குப்போசியை நீட்டினார். உள்ளே கூழ்.

"மொதல்ல நீங்க குடிங்க. வண்டிக்கு அப்பறம் குடிக்கலாமுங்க" என்றார்.

அவர் குடம் வைத்திருந்த இடத்துக்கு அப்பால் ஒரு பெரிய கருப்பு வட்டம். நேற்று தீப்பிடித்ததாம். யாரோ போகிற போக்கில் போட்ட பீடித்துண்டு.

"எப்படீங்க அணைச்சீங்க?"

"நாங்க எங்கீங்க அணைச்சோம்? வேப்பந்தழைய ஒடிச்சு அடிச்சோம், அது பாட்டுக்கு ஓடுச்சு. அந்த வண்டித்தடம் வந்ததும் நின்னுக்குச்சு." அவர் காட்டிய தடம் நாலடி அகலம்கூட இல்லை, வெறும் செம்மண். "வெறும் மண்ணுல தீ வராதுங்க. திங்கறதுக்கு அங்க என்ன இருக்குது?"

ஆட்டுக்கு வைத்திருந்த தண்ணீரில் பாதியை எங்கள் ரேடியேட்டருக்குக் கொடுத்தார். பெயர் கேட்க மறந்துவிட்டேன். பணம் எடுத்த கையை ஓர் ஆட்டைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டார். பத்திரிகை ஒன்று கொடுத்தோம். வாங்கிப் பார்த்து, "பொண்ணு நல்லாருக்கட்டுமுங்க" என்றார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஆசீர்வாதங்களில் அதற்குத்தான் நாங்கள் எதையும் தின்ன வேண்டியிருக்கவில்லை, கூழைத் தவிர.

திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். ஏசி சரியானது. இந்த வாரத்தில்தான் சலீம் பாயைப் பெட்ரோல் பங்கில் பார்த்தேன். கோட்டைமேட்டுக்காரர், பாக்கு வியாபாரி. மச்சானின் பாக்கை வருசா வருசம் வாங்குகிறவர், அந்தப் பழக்கத்தில் எனக்கும் சினேகிதர். கையில் பத்திரிகை இருந்தது, கொடுத்துவிட்டேன். அவரும் டேங்க் நிறைவதற்குள் நாலு வரி படித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையம். ஊர் தாண்டியதும் பாக்குமரங்களுக்கு மேலே மலை தெரிந்தது. வழக்கமாகப் பச்சையாக இருக்கும் சரிவு பழைய கோணிச்சாக்கு நிறத்தில் இருந்தது. என் பரிசு ஊரிலும் அனல்தான். அட்டவணை இங்கேயும் தோற்றது.

மச்சான் வீட்டுக்கு முன்னால் இறங்கும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். வாசலில் கோலம். அந்த வெயிலில் மச்சான் மொடமொடவென்று வெள்ளைச் சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தார். தோட்டத்தில் துண்டோடு மட்டும் திரிகிற மனிதர்.

"வாங்க மாப்ள. வா அம்மணி. மொதப் பத்திரிகை எங்க ஊட்டுக்குத்தானே?"

"பின்னே யாருக்குங்க மச்சான்?" என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

காரிலிருந்து தட்டை மட்டும் எடுத்தேன். டிக்கியைத் திறக்கவில்லை. அத்தை வீட்டுச் செவ்விளநீர் முப்பது காய் இன்னும் உள்ளேதான் இருந்தது. மச்சான் கண்ணில் பட்டால் தாராபுரம் போய்வந்தது தெரிந்துவிடும் என்று அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டிருந்தேன். ஐம்பத்திமூன்று வயதில் இளநீரை ஒளித்துவைத்துக்கொண்டு திரிந்தேன்.

தட்டை நீட்டினோம். மச்சான் இரண்டு கையையும் துண்டில் துடைத்து நீட்டினார். சரியாக அந்த நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி உள்ளே வந்தது. சலீம் பாய். பாக்கு பார்க்க வந்தவர்.

"அடடே, பத்திரிகையா! நமக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே வந்துருச்சுங்களே. எழுத்தெல்லாம் ஜம்முன்னு இருக்குது."

மச்சானின் கைகள் பாதியில் நின்றன.

"அப்படீங்களா" என்றார். "நல்லதுங்க. ரொம்ப நல்லதுங்க."

எங்கள் ஊரில் கோபத்தைக் குரலில் அளக்கக் கூடாது. 'ங்க'வை எண்ண வேண்டும். இருபத்தெட்டு வருசமாக என்னை மாப்ள என்றவர், இப்போது திரும்பி, "உக்காருங்க மாப்பிள்ளைங்க" என்றார். எனக்கு முதுகில் வேர்த்தது. அது வெயிலால் அல்ல.

"சலீம் பாய் வெளியாளுங்க மச்சான்" என்றேன். "பங்குல நின்னாரு, குடுத்தேன். அது கணக்குல வராதுங்க."

சலீம் பாய்க்கு விசயம் புரிந்துவிட்டது. "ஆமாங்க, நான் சும்மா வாங்குனது. நான் கணக்கே இல்லீங்க" என்று தன்னையே அழித்துக்கொண்டார்.

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "சரி. ஒரம்பரை சொந்தத்துல நமக்குத்தானுங்களே மொதல்ல?"

கோமதி தரையைப் பார்த்தாள். மூன்றாவது பொய்க்கு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து மச்சானின் மனைவி சரசக்கா ஓடிவந்தார்.

"ஏனுங்க! வேலிப்பக்கம் பொகை!"

தட்டு அப்படியே பெஞ்சுமேல் உட்கார்ந்தது.

காட்டுத்தீயை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். அதில் சுவர் உயரத்துக்கு எரியும். இது அப்படி இல்லை. முழங்கால் உயரம்தான். சரிவிலிருந்து காய்ந்த புல்லைத் தின்றுகொண்டு ஒரு நீளமான கோடாக இறங்கி வந்தது. பார்க்கச் சாதாரணமாக இருந்தது. ஒரு கொட்டாவி விட்டுத் திரும்பிப் பார்த்தால் பத்தடி முன்னால் வந்திருந்தது. சத்தம்தான் பயம். யாரோ ஆயிரம் அப்பளத்தை ஒரே நேரத்தில் நொறுக்குகிற சத்தம். வேலிக்கு இப்பால் போன வருசம் நட்ட பாக்குக் கன்றுகள். அதற்கு இப்பால் காய்க்கிற தோப்பு. அதற்கு இப்பால் வெள்ளையடித்த வீடு.

"மோட்டாரப் போடு சரசு!" என்று மச்சான் கத்தினார்.

"மூணு பேஸ் கரண்டு மத்தியானந்தானுங்களே வரும்!"

பம்ப்செட் கம்பெனிக்காரன் நான், நடுவில் நின்றேன். என் கை பட்டு வெளியே போன மோட்டார்கள் எத்தனை ஊரில் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே ஒன்று, சும்மா.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. புகையைப் பார்த்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பச்சைத்தழை, ஈரச்சாக்கு, மண்வெட்டி, கையில் கிடைத்தது எதுவோ அது. வனத்துறை வாட்சர்கள் இரண்டு பேர் மேலேயிருந்து ஏற்கெனவே அடித்துக்கொண்டே இறங்கியிருந்தார்கள். சலீம் பாய் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிக்கப்பில் இரண்டு டிரம்மை ஏற்றித் தொட்டித் தண்ணீரை நிரப்பி வேலிக்கு ஓட்டினார். வெள்ளை வெளேரென்று வந்தவர், இரண்டாவது நடையில் கரிமூட்டைபோல இருந்தார்.

எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வாழைக்கு மருந்தடிக்கும் பெட்ரோல் மெஷின், முதுகில் மாட்டுவது. ஸ்டார்ட் ஆகவில்லை என்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டினேன். இரண்டாவது இழுப்பில் ஓடியது. அந்த நிமிடம் என் சம்பளம் முழுவதும் நியாயமாகிவிட்டது என்று நினைத்தேன். பெருமையோடு முதுகில் மாட்டிக் குழாயைத் திருப்பினேன். முதல் பீச்சு சலீம் பாய் முகத்தில்.

"தீ அங்கீங்க இருக்குது!" என்றார். "நான் அப்பவே அணைஞ்சுட்டனுங்க!"

சிரிக்க நேரமில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டிக்கு வந்து மெஷினை நிரப்பினேன். அங்கே சரசக்காவும் கோமதியும் சாக்கு நனைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தரம் வந்தபோது கேட்டேன்: "ஏனுங்கக்கா, வேலியோரம் எப்பவும் பத்தடி வெறும் மண்ணா இருக்குமே? வருசா வருசம் மச்சான் கோடு வெட்டுவாருங்களே?"

சரசக்கா தலை நிமிராமல் சொன்னார். "பாதி வெட்டிப்போட்டாரு. மீதிய வெட்ட ஆளும் சொல்லியாச்சு. அதுக்குள்ள நங்கை போன் பண்ணுச்சு, ஒரு நாளுல வந்தர்றோமுன்னு." எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கை என்பார்கள்; அவர் சொன்னது கோமதியை. "தாய்மாமன் ஊட்டுல இல்லாத நேரம் பத்திரிகை வந்துட்டா நல்லாருக்குமுங்களா? கோடு வெட்ட வந்த ஆளயே வெள்ளையடிக்க வுட்டுட்டாரு. எட்டு நாளா வாசல வுட்டு நகுரல. தெனமும் ஒரு வெள்ளச் சட்டை. நான்தான் தொவைச்சேன்."

கோமதியின் கையில் இருந்த சாக்கு தண்ணீரிலேயே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை.

காங்கேயத்துச் செம்மண் தடம் ஞாபகம் வந்தது. நாலடி மண். இங்கே அந்த மண் இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் அட்டவணை இருந்தது. வெயிலுக்குப் பயந்து நான் ஒரு பெயரைக் கீழே இறக்கினேன். அந்த வெயில் நேராக அந்த வீட்டு வேலிக்கே வந்துவிட்டது.

மெஷினை மாட்டிக்கொண்டு திரும்ப ஓடினேன். ஓடினேன் என்பது என் கணக்கு. பார்த்தவர்கள் வேறு சொல் வைத்திருப்பார்கள்.

வெட்டி முடித்திருந்த பாதிக் கோட்டில் தீ வந்து, மண்ணை மோந்து பார்த்துவிட்டு அப்படியே படுத்தது. வெட்டாத பாதியில்தான் சண்டை. ஒரு வரிசை கன்று போயிற்று. சொட்டுநீர்க் குழாய்கள் சேமியா மாதிரி சுருண்டன. அதற்குமேல் வரவிடவில்லை. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, தெரியாது. கடைசிப் புகையை வாட்சர்களில் ஒருவர் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாய்ந்தார்.

"தண்ணி" என்றார் இன்னொருவர். உதடு வெடித்திருந்தது.

டிரம் காலி. என் மெஷினில் இருந்தது மருந்து வாசம் அடிக்கும் தண்ணீர். வீடு தோப்புக்கு அந்தப்பக்கம், குடத்தோடு வர நேரம் ஆகும். பின்சீட்டில் ஈரச்சாக்கு ஏற்றி நான் ஓட்டிவந்த கார் பத்தடியில் நின்றது. அதன் டிக்கியில் முப்பது செவ்விளநீர்.

மச்சான் எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

பெரிய மனப்போராட்டம் என்று எழுத ஆசை. அப்படி ஒன்றும் இல்லை. அந்த மனிதரின் உதட்டைப் பார்த்தால் யாருக்கும் பொய் ஞாபகம் இருக்காது. போய் டிக்கியைத் திறந்து போர்வையை இழுத்தேன்.

சிவப்பாக, உருட்டாக, முப்பது சாட்சிகள்.

மச்சான் ஒரு காயைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது தாராபுரத்துக் காயி" என்றார்.

"ஆமாங்க மச்சான். போன சனிக்கெழமை. காங்கேயமும் போயிட்டு வந்துட்டோம். எல்லாத்துக்கும் கடைசி நீங்கதான். கோமதி வேண்டாம்னுதான் சொன்னா. வெயிலப் பாத்து நான்தான் வரிசைய மாத்திப்போட்டேன்."

மச்சான் இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தார். நான் அரையடி பின்னால் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரே வெட்டில் காயைத் திறந்து, சாய்ந்திருந்தவரின் தலையைத் தூக்கி வாயில் வைத்தார்.

"குடிங்க சாமி. மெதுவா."

பிறகு வரிசையாக வெட்டினார். வாட்சர்களுக்கு, பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு, சலீம் பாய்க்கு. எனக்கு ஒன்று நீட்டினார். கடைசியில்தான் தான் குடித்தார். குடித்துவிட்டு முழங்கையால் வாயைத் துடைத்தார். வெள்ளைச் சட்டையில் வெள்ளை எங்கேயும் இல்லை.

"நல்ல காயி" என்றார். அவ்வளவுதான். 'ங்க' இல்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் சரசக்கா அரிசிம்பருப்புச் சாதம் போட்டார். கை கழுவியும் யாருக்கும் கரி போகவில்லை. சாய்ந்து விழுந்தவர் இரண்டு தட்டு சாப்பிட்டார், அதைப் பார்த்துக்கொண்டிருந்ததே எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. வாட்சர்களுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். "எங்க காடும்தானுங்களே" என்று சொல்லிவிட்டு அவர் அப்பளம் கேட்டார்.

அவர்கள் போனபிறகு மச்சான் பெஞ்சுக்கு வந்தார். தட்டு அங்கேயே இருந்தது. வெற்றிலை வாடிவிட்டது.

"குடுங்க மாப்ள."

கோமதியும் நானும் தட்டைத் தூக்கி நீட்டினோம். கோமதி அழுதுகொண்டிருந்தாள். அவர் இரண்டு கையாலும் பத்திரிகையை எடுத்தார். மஞ்சள் தடவிய ஓரத்தில் அவருடைய பத்து விரலும் கருப்பாகப் பதிந்தன.

"இதுதான் மொதப் பத்திரிகை. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க மச்சான்."

"மொதல்ல எனக்கு வெச்சாச்சு. இனி போயி மத்தவங்களுக்கெல்லாம் வெச்சுப்போட்டு வாங்க."

"மத்தவங்களுக்குன்னா… வெச்சவங்களுக்குமுங்களா?"

"யாருக்கு வெச்சிருக்கறீங்க? இன்னிக்குத்தானே ஆரம்பிச்சிருக்கறீங்க." முகத்தில் சிரிப்பே இல்லை. "நாளைக்கு மீதிக் கோட்ட வெட்டணும். மம்பட்டி ரெண்டு இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெட்டினோம். விடியக்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறியதும் நிறுத்தி, பொழுது சாய்ந்தபின் மறுபடி. சலீம் பாயும் வந்துவிட்டார், கணக்கில் இல்லாதவருக்கு என்ன அவசியம் என்று கேட்டதற்கு, மண்வெட்டி பிடிக்கத் தெரியாத ஒருவனைப் பார்க்க வந்தேன் என்றார். என் கையில் ஆறு கொப்புளம். வேலியோரம் கடைசியில் பத்தடி அகலத்துக்கு வெறும் மண். எட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இவ்வளவு அழகான ஒன்றுமில்லையை நான் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி தாராபுரம். ஏசி பல்லடம் வரைக்கும் வந்தது, அது அதன் வழக்கம்போல. ஈரத்துண்டைக் கோமதி வீட்டிலேயே நனைத்து எடுத்து வந்திருந்தாள்.

ருக்குமணி அத்தை வாசலுக்கு வந்தார். தட்டை நீட்டினோம். என்ன சொல்வது என்று தெரியாமல் நான் இளித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை பத்திரிகையைக் கையில் வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார்.

"அட, நம்ம ஹரிணிக்கா! எனக்கு ஒரு வார்த்தை தெரியாம இருந்துச்சே. எப்பக் கண்ணு நிச்சயமாச்சு?"

"அத்தை…"

"மேட்டுப்பாளையத்துக்கு வெச்சாச்சல்ல?"

"ஆச்சுங்கத்தை" என்றேன். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

"அப்படீன்னா செரி" என்று உள்ளே போனார். டிவிக்குப் பக்கத்தில் போன தடவை வைத்த பத்திரிகை இன்னும் நின்றுகொண்டிருந்தது. போகிற போக்கில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மோர் செம்பை எடுத்தார்.